கடலில் ஒரு மிதவை அளவு இடம்: பாசி வளர்ப்பில் காலூன்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகக் கடற்பாசி வளர்க்க இறங்குகிறவர்கள் தடுமாறும் இடத்தைக் கவனித்தால், பெரும்பாலும் வேலையின் வரிசை மாறியிருக்கும். இடம் பார்ப்பதற்கு முன் மூங்கில் வாங்கிவிடுவார்கள். ஊரில் பேசுவதற்கு முன் நங்கூரம் போட்டுவிடுவார்கள். விதை, அதாவது மறுபடி கட்டி வளர்ப்பதற்கான பாசித் துண்டு, பெருகுவதற்கு முன் விற்றுவிடுவார்கள். கரையில் பலரும் பெப்சிப் பாசி என்று சொல்லும் கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்ப்பதற்கு மட்டுமே இந்த வழிகாட்டி. கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து, கட்டைக்கோரை போன்ற இயற்கைப் பாசிகளைப் பறிப்பது வேறு தொழில். அதன் விதிகளும் வேறு.

இதில் இரண்டு விதமாகக் காலூன்ற வேண்டியிருக்கிறது. அலையிலும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்திலும் அசையாதபடி மிதவை நிலைகொள்வது ஒன்று. ஏற்கெனவே பலர் பிழைத்துக்கொண்டிருக்கும் கரையில், கடனில் சிக்காமல் ஒருவர் தமக்கென்று சிறிது இடம் பெறுவது மற்றொன்று. ஒன்றைச் சரியாகச் செய்து மற்றொன்றை விட்டவர்களுக்கு இரண்டுமே நிலைப்பதில்லை.

1. எந்தக் கடல், எந்த மாதம்

முதலில் முடிவு செய்ய வேண்டியது கடல். இந்த மாவட்டத்துக்கு வடகடலான பாக் விரிகுடா, தென்கடலான மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்கள் உண்டு. தென்கடலில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கப்பாபைகஸ் நம் கடலின் பாசி அன்று. பவளப்பாறையின் மேல் விழுந்தால் அங்கேயே பற்றிப் படர்ந்து பாறையை மூடிவிடும். குருசடைத் தீவு அருகே அப்படிப் படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். ஆகவே தென்கடலில் இதை வளர்க்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். பாக் விரிகுடாப் பக்கத்திலும் அனுமதியுள்ள இடம் எது என்பதை மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற வேலை.

அடுத்தது மாதம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் நிலப்பகுதி மறைப்பதால் மண்டபம், தங்கச்சிமடம் போன்ற இடங்களின் வடகரை ஓரளவு அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடை திரும்பினால் அதே கரை நேரடியாக அடி வாங்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மிதவைகள் உடைவதும் அறுத்துக்கொண்டு போவதும் பாசி உதிர்வதும் வழக்கம். எனவே முதல் மிதவையை ஜனவரியில், பொங்கலை ஒட்டிக் கட்டுவது நல்லது. அப்போது தொடங்கினால் அடுத்த வாடைக்குள் ஒன்பது மாதம் கிடைக்கும். செப்டம்பரில் தொடங்குகிறவருக்கு ஒரு அறுவடைகூட முழுமையாகக் கைக்கு வருவது கடினம்.

2. ஊரில் பேசுதல்

கடல் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அன்று; ஆனால் கரையோரக் கடலின் ஒவ்வொரு துண்டையும் யாரோ ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். வத்தைகளும் நாட்டுப்படகுகளும் வந்துபோகும் தடம் ஒன்று இருக்கும், கரைவலை இழுப்பதற்கென்று ஒதுக்கிய பாடு ஒன்று இருக்கும், நண்டு வலை விடும் இடம் ஒன்று இருக்கும். வெறும் தண்ணீராகத் தெரிகிறதே என்று அங்கே நங்கூரம் போட்டால் ஓரிரு இரவுகளில் கயிறு அறுந்திருக்கும். அறுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய வலை உங்கள் மூங்கிலில் சிக்கிக் கிழிந்திருக்கலாம்.

மூங்கில் வாங்குவதற்கு முன்பே ஊர்த் தலைவரையும், அந்தக் கரையில் ஏற்கெனவே பாசி வளர்ப்பவர்களையும் பார்த்து, எந்த இடம், எத்தனை மிதவை, கரையில் எங்கே உலர்த்துவது என்ற மூன்றையும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு மிதவை போடுகிறேன் என்று கேட்கிறவருக்கு இடம் எளிதில் கிடைக்கும். 45 மிதவை போடுகிறேன் என்று வருகிற வெளியாருக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் அது மனத்தாங்கலோடு கொடுக்கப்பட்ட இடமாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர் உள்ளூர் மகளிர் குழு ஒன்றோடு சேர்ந்து தொடங்குவதே சரியான வழி. பாசி கட்டுவது, உலர்த்துவது ஆகிய வேலைகளில் கை பழகியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் இல்லாமல் இத்தொழில் நடப்பதில்லை.

மானியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாசி மிதவைக்கு உதவி உண்டு. பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் என்பது அதன் விகிதம். விண்ணப்பத்தைக் கொடுத்துவையுங்கள்; ஆனால் அந்தப் பணம் குறிப்பிட்ட மாதத்தில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பருவத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மிதவைக்கு வேண்டிய மூங்கிலும் கயிறும் கைப்பணத்தில் முடிகிற செலவுதான்.

3. தண்ணீரில் நின்று பார்த்தல்

இடத்தைக் கரையிலிருந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், நீர் முழுவதும் வற்றியிருக்கும் நேரத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்திலும் இடுப்பளவு, அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாசி வளர்ந்து தொங்கும்போது தரையில் உரசும், சேறு படியும், வெயிலில் நீர் சூடாகும். மிகவும் ஆழமாக இருந்தால் நின்று வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் படகு தேவைப்படும், படகு என்றால் கூலி. கால் நிலைக்கும் ஆழத்தில் இடம் கிடைப்பது புதியவருக்கு அந்தக் கூலியை மிச்சப்படுத்தும்.

காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு உரசியபடி மெல்ல நகர்த்துங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவை உணர்ந்து விலகிப்போகும். மேலே மிதித்தால் வாலால் அடிக்கும். சிப்பி ஓடு கிழிக்காதபடி கட்டிய செருப்பு அல்லது ரப்பர் காலணி வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) மிகுந்த நாட்களில் கால் முழுவதும் மூடிய உடையும் வேண்டும்.

தரையையும் காலாலேயே சோதிக்கலாம். கணுக்கால் வரை புதையும் சேறு என்றால் நங்கூரம் பிடிக்கும், ஆனால் கலங்கும் நீரில் பாசியின் மேல் வண்டல் படியும். கெட்டியான மணல் கலந்த தரை நல்லது. கடற்புல் அடர்ந்த இடத்தில் நங்கூரம் போடாதீர்கள். அது ஆவுளியா என்னும் கடல்பசுவின் மேய்ச்சல் இடம், மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடம்; மிதவையின் நிழலும் நங்கூரத்தின் இழுப்பும் புல்லை அழித்துவிடும்.

ஆறும் ஓடையும் கடலில் சேரும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். ஆற்றங்கரை என்னும் ஊர்ப் பக்கம் வைகை நீர் வரும் காலத்தில் கடலின் உப்புத்தன்மை சட்டென்று குறையும். இப்பாசி அதைத் தாங்காது. இறால் பண்ணைக் கழிவு இறங்கும் வாய்க்காலின் அருகிலும் வேண்டாம்.

4. மிதவை கட்டுதல்

இங்கே வழக்கத்தில் உள்ள அளவு 12 அடிக்கு 12 அடிச் சதுரம். மூன்று முதல் நான்கு அங்குலக் கனமுள்ள முற்றிய மூங்கில் நான்கும், மூலைகளில் குறுக்கே கட்ட நான்கடித் துண்டுகள் நான்கும் தேவை. மூலைத் துண்டுகளை விட்டுவிட்டுக் காசை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அலையில் சதுரம் சாய்ந்து கயிறுகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தொய்ந்த பிறகு அந்தத் துண்டின் வேலை புரியும். ஓட்டை விழுந்த மூங்கிலையும் வாங்காதீர்கள். உள்ளே நீர் புகுந்தால் மிதக்காது.

சட்டம் முடிந்ததும் 3 மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு 20 வரிசை. ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடங்களில் விதை கட்டுவதற்கான சிறு கயிற்றுத் துண்டுகளை முன்கூட்டியே முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். விதை வந்த பிறகு இவற்றை முடிய உட்கார்ந்தால் அதற்குள் விதை வாடிவிடும்.

மிதவையின் அடியில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுவது கட்டாயம். ஓரா மீன் பாசியை விரும்பித் தின்னும். வலை அதைத் தடுக்கும். உதிர்ந்த துண்டுகள் கடலில் மிதந்து போகாமலும் வலை தாங்கிக்கொள்ளும். முன் சொன்ன பவளப்பாறைச் சேதத்தை நினைத்தால், இந்த இரண்டாவது காரணம் முதலாவதைவிடப் பெரியது.

5. நங்கூரம்

வரிசையில் அதிகம் பிழை நடக்கும் இடம் இது. பத்து மிதவைகளைச் சேர்த்துக் கட்டி 30 கிலோ இரும்பு நங்கூரத்தில் நிறுத்துவது இங்குள்ள வழக்கம். ஒற்றை மிதவைக்கு அவ்வளவு கனம் வேண்டியதில்லை என்று எண்ணிக் கல்லைக் கட்டி இறக்குகிறார்கள். கல் தன் எடையால் மட்டுமே நிற்கும்; தண்ணீருக்குள் அந்த எடையிலும் ஒரு பகுதி குறைந்துவிடும். கொக்கியுள்ள நங்கூரம் தரையைக் கவ்வி நிற்கும். முதல் மிதவைக்கு ஏற்கெனவே நிற்கும் வரிசை ஒன்றின் கடைசி மிதவையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்பதே எல்லாவற்றிலும் எளிது. ஊரில் பேசுவதை இரண்டாவது படியாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியாகத்தான் நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு நங்கூரங்கள் தேவை: வாடை வரும் திசைக்கு ஒன்று, கச்சான் வரும் திசைக்கு ஒன்று. ஒன்றே ஒன்றில் நிற்கும் மிதவை காற்று மாறும்போதெல்லாம் வட்டமிட்டுப் பக்கத்து மிதவையில் மோதும்.

கயிற்றின் நீளத்தைக் குறைக்காதீர்கள். ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் அலை மிதவையைத் தூக்கும்போது நங்கூரத்தை நேர் மேலாக இழுக்கும். கொக்கி மண்ணை விட்டு எழும்பிவிடும். நீளமாக இருந்தால் இழுப்பு தரையோடு படிந்தாற்போல் வரும், கொக்கி மேலும் ஆழமாக இறங்கும். கயிறு மூங்கிலில் உரசும் இடத்தில் பழைய ரப்பர்க் குழாய்த் துண்டைச் சுற்றிவையுங்கள். பெரும்பாலும் கயிறு அறுவது அந்த இடத்தில்தான்.

விதை கட்டாத வெறும் மிதவையை இப்படி நிறுத்தி ஒரு வாரம் விட்டுவையுங்கள். அலையில் அது நின்ற இடத்தில் நிற்கிறதா, முடிச்சு தளர்கிறதா, யாராவது வந்து ஆட்சேபிக்கிறார்களா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அவசரப்படுகிறவர்களுக்கு இது வீண் நாளாகத் தோன்றும். விதையோடு சேர்த்து இழப்பதைவிட இது மலிவு.

6. விதை தேர்வதும் கட்டுவதும்

ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை தேவை: 20 கயிறு, கயிற்றுக்கு 20 கொத்து, கொத்துக்கு 150 கிராம். பக்கத்துக் கரையில் வளர்ப்பவரிடமிருந்து வாங்குவதே நல்லது. தூரம் கூடக்கூட விதையின் உயிர் குறையும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையமும் இப்பாசியில் நீண்ட காலமாக வேலை செய்கின்றன. பயிற்சிக்கும் விதை பற்றிய விசாரணைக்கும் அங்கே போகலாம்.

நல்ல விதை பளபளப்பாக, கனத்த கிளைகளோடு, ஒடித்தால் சட்டென்று ஒடியும்படி இருக்கும். கிளை நுனியிலோ நடுவிலோ வெளுத்த திட்டு இருந்தால் வாங்க வேண்டாம். அந்த வெளுப்பு நோயாகப் பரவி, கிளைகள் இற்று விழுந்துவிடும். மேலே மெல்லிய மயிர்போல் வேறு பாசி ஒட்டியிருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

விடியற்காலையில் எடுத்து, கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடி, நிழலிலேயே கொண்டுவர வேண்டும். நல்ல தண்ணீர் தெளிப்பது கூடாது. வாடுகிறதே என்று குடத்து நீரைத் தெளித்துக் கெடுப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கட்டும்போது முடிச்சு இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது. கொத்தைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விட்டு முடிய வேண்டும், ஏனென்றால் தண்டு பருக்கும்போது இறுகிய கயிறு அதையே அறுத்துவிடும். இதைப் படித்துக் கற்க முடியாது. கை பழகிய அக்காள் ஒருவரின் அருகில் அமர்ந்து ஓரிரு கயிறு கட்டிப் பார்த்தால் வந்துவிடும். அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். பந்தல் நிழலில் அமர்ந்து கட்டி, வெயில் ஏறுவதற்கு முன் மிதவையைக் கடலில் சேர்த்துவிட வேண்டும்.

7. நாற்பத்தைந்து நாள்

அறுவடைக்கு 45 நாள் ஆகும். கட்டிவிட்டோம், இனி தானாக வளரும் என்று வீட்டுக்குப் போனவர் திரும்பி வரும்போது பாதிக் கயிறு வெறுமையாக இருக்கும். முதல் வாரத்தில் நாள்தோறும், பிறகு வாரம் இரண்டு முறையாவது போய், கயிறுகளை மெல்ல உதறி வண்டலைப் போக்க வேண்டும். ஒட்டிய வேறு பாசியைக் கையால் களைய வேண்டும். நழுவிய கொத்துக்குப் பதில் புதுக் கொத்துக் கட்ட வேண்டும். வலையில் கிழிசல் இருந்தால் தைக்க வேண்டும். மூங்கிலில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டி ஏறினால் சுரண்டிவிடுங்கள். அதன் கூர்முனை கயிற்றையும் அறுக்கும், கையையும் கிழிக்கும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை காற்றில்லாத நாட்களில் ஆழமற்ற நீர் சூடேறிப் பாசி வெளுக்கும். அப்போது சற்று ஆழமான இடத்துக்கு மிதவையை நகர்த்துவதும், வெளுத்த கொத்தை உடனே அகற்றுவதும் தவிர வேறு மருந்தில்லை. அகற்றியதைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

8. முதல் அறுவடையை விற்காதிருத்தல்

நன்றாக வளர்ந்த மிதவையில் 200 முதல் 260 கிலோ வரை ஈரப் பாசி கிடைக்கும். 240 என்று வைத்துக்கொள்வோம். விதைக்கு 60 கிலோ ஒதுக்கிவிட்டு மீதி 180 கிலோவை உலர்த்தினால், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 18 கிலோ வரும். அதை விற்றால் மூங்கில் செலவுகூட முழுதாகத் திரும்பாது. கையில் இருப்பது மறுபடியும் அதே ஒற்றை மிதவை.

விற்காமல் முழுவதையும் விதையாக்கினால் நான்கு மிதவை. சேதாரத்துக்கு ஒன்றைக் கழித்து மூன்று என்று கொள்ளலாம். ஜனவரி நடுவில் ஒன்று, மார்ச் முதலில் மூன்று, ஏப்ரல் நடுவில் ஒன்பது, மே இறுதியில் இருபத்தேழு. ஜூலை நடுவில் 45-ஐ எட்டலாம். வெயில் காலத்தில் வளர்ச்சி குறைந்தால் ஒரு சுற்று பின்தங்கும். அப்படியே ஆனாலும், கடனில் 45 மிதவை வாங்கி முதல் சுற்றிலேயே விதை இழந்தவரைவிட இவருடைய நிலை உறுதியானது.

இந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்குப் பாசியை நம்ப முடியாது. ஆகவே இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நண்டு வலையோ கூலி வேலையோ அது நடந்துகொண்டே இருக்கட்டும். ஒரு மிதவைக்குத் தேவை விடியற்காலைச் சில மணி நேரம் மட்டுமே. மூங்கில் வாங்கும் செலவு கையை மீறும்போது, மூன்றாவது அறுவடையிலிருந்து பாதியை விற்கலாம். அதற்கு முன் விற்பதை நான் ஏற்பதில்லை.

மிதவை பெருகும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்ட வேண்டாம். ஒன்பது என்றால் ஐந்து நாளுக்கு ஒன்றாகக் கட்டுங்கள். 45 என்றால் நாளுக்கு ஒன்று. ஒரு குடும்பத்துக்கு 45 என்று இந்தக் கரையில் நிலைத்த கணக்கு இப்படித்தான் வந்தது: தினம் ஒன்றை அறுத்து, அதையே மறுபடி கட்டி அனுப்பலாம். உலர்த்தும் இடமும் ஆள்கையும் அளவுக்குள் நிற்கும், ஒரு நாள் புயலில் முழுப் பயிரும் ஒரே பருவத்தில் இருந்து அழியும் ஆபத்தும் குறையும்.

9. உலர்த்துதலும் விலையும்

மணலில் நேராகப் பரப்பக் கூடாது. வலை விரித்தோ கொடியில் தொங்கவிட்டோ இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, மாலையில் பனிக்கு முன் மூட வேண்டும். மழையில் நனைந்தால் நிறமும் எடையும் போகும். உலர்ந்த பிறகு உதறி, மேலே படிந்த உப்பை நீக்கிச் சாக்கில் கட்டுங்கள்.

எடை போடும்போது மணலுக்கும் ஈரத்துக்கும் கழிவு பிடிப்பார்கள். எவ்வளவு ஈரம் இருந்தால் எவ்வளவு கழிவு என்பதை அறுவடைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தராசு ஒன்றிருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதைக் கடைசி வழியாக வையுங்கள். முன்பணம் வாங்கிய கையால் விலை பேச முடியாது; வேறொருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் சரக்கு முதலாமவருக்கே போகும். பணம் தேவையானால், குழுவாகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்பில் வங்கிக் கடன் வாங்குவது வட்டியிலும் சுதந்திரத்திலும் மேல்.

10. வாடைக்கு முன்

செப்டம்பர் இறுதிக்குள் புது மிதவை கட்டுவதை நிறுத்திவிடுங்கள். அக்டோபரில் அறுத்ததை உலர்த்தி விற்று, வலுவான சில மிதவைகளில் மட்டும் விதையை வைத்திருந்து, அவற்றை மறைவான இடத்துக்கு நகர்த்தி இரட்டை நங்கூரம் போடுங்கள். எல்லா விதையையும் ஒரே இடத்தில் வைக்காமல், வேறு கரையில் வளர்க்கும் ஒருவரோடு ஒப்பந்தம் செய்து, உங்கள் விதையில் சிறிது அவரிடமும் அவருடையதில் சிறிது உங்களிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஒரு கரையில் அழிந்தாலும் மறு கரையில் 60 கிலோ மிஞ்சினால் ஜனவரியில் மீண்டும் தொடங்கப் போதும்.

மற்ற மூங்கில்களைக் கரையேற்றி, கொட்டலசு சுரண்டி, நிழலில் அடுக்குங்கள். வானிலை எச்சரிக்கை வந்த பிறகு மிதவையைக் காப்பாற்றக் கடலுக்குள் இறங்க வேண்டாம்.